இடியப்ப உரலில் ஏறும் படகு

இடியப்பம் பிழிந்து பழகியவர்களுக்கு, படகுகளைத் தூக்கி இறக்கும் பீற்றர்பரோ லிஃப்ற் லொக் எப்படி இயங்குகிறது என்று விளங்கப்படுத்துவது லேசு. உரலுக்குள் கட்டை இறங்குகிறது. உள்ளே இருக்கும் மா நசுங்கிச் சுருங்காது. வெளியேற வழி தேடும். அடித்தட்டில் துளை இருப்பதால் நூல்நூலாய் வருகிறது. அந்தத் துளைகளை இறுக அடைத்து, மாவுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி, பக்கத்தில் இன்னொரு உரலையும் வைத்து, இரண்டையும் அடியில் ஒரு குழாயால் இணைத்துவிடுங்கள். இந்த ஏற்பாட்டை 20 மீற்றர் உயரத்துக்குப் பெருப்பித்தால் அதுதான் லிஃப்ற் லொக்.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் இருப்பவர்களுக்கு அது தூரமில்லை. கெனடி வீதியால் 401 நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே போய், 115-இல் திரும்பினால் ஒன்றரை மணித்தியால ஓட்டம். ட்ரென்ற் பல்கலைக்கழகத்தில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்புகிற பெற்றோர் பலர் அதற்கு மிக அருகால் போய் வருகிறார்கள். பீற்றர்பரோவின் ஹன்ரர் வீதியால் கிழக்கே வந்தால் வீதியே கால்வாய்க்கு அடியில் ஒரு குறுகிய சுரங்கத்தால் நுழைந்து போகும். தலைக்குமேல் தண்ணீர், பக்கத்தில் மூன்று கொங்கிறீற் கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே தண்ணீர் நிரம்பிய இரண்டு பெரிய தொட்டிகள். ஒன்று மேலே நிற்கும்போது மற்றது கீழே நிற்கும்.

நம் பகுதியை ஊடறுத்து ஓடும் ஹைலன்ட் கிறீக்கின் கிளை கடைசியில் ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகிறது. அதே ஏரிக்கரையில் கிழக்கே ட்ரென்ரன் என்ற ஊரில் தொடங்குகிறது ட்ரென்ற்-செவர்ன் நீர்வழி. ஆறுகளையும் ஏரிகளையும் வெட்டுக்கால்வாய்களால் கோத்து 386 கிலோமீற்றர் போய், ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவில் முடிகிறது. ஒன்ராறியோ ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 75 மீற்றர் மேலே. வழியில் இருக்கும் பால்சம் ஏரியோ 256 மீற்றர். பிறகு ஜோர்ஜியன் குடாவுக்கு 176 மீற்றருக்கு இறங்கவேண்டும். படகுக்கு இது ஒரு மலை ஏறி இறங்குகிற பயணம். அதனால்தான் வழிநெடுகிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட லொக்குகள்.

வழமையான லொக் மிக எளிமையானது. இரண்டு பக்கமும் கதவு வைத்த நீண்ட தொட்டி. கீழ்க்கதவால் படகு உள்ளே வரும், கதவு மூடும், மேற்பக்கத் துருசைத் திறந்தால் தண்ணீர் தானாக உள்ளே ஓடி, படகை மேல்மட்டத்துக்கு உயர்த்தும், பிறகு மேற்கதவு திறக்கும். இதில் பம்ப் எதுவும் கிடையாது. முழு வேலையையும் தண்ணீரின் உயரமே செய்துவிடுகிறது. இந்த நீர்வழியின் முதல் லொக் 1833-இல் பொப்கேஜனில் கட்டப்பட்டது. பல இடங்களில் இன்றும் லொக் பணியாளர்கள் கையால் கைபிடியைச் சுற்றித்தான் கதவைத் திறக்கிறார்கள்.

ஆனால் பீற்றர்பரோவில் நிலம் திடீரென்று எழும்புகிறது. 65 அடி. வழமையான முறையில் ஏறுவதானால் பல லொக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரம்பும்வரை படகு காத்திருக்கவேண்டும். 1890-களில் இந்த நீர்வழிக்குப் பொறுப்பான பொறியியலாளராக இருந்தவர் றிச்சர்ட் பேர்ட்சோல் றோஜர்ஸ். அந்த ஊர்ப் பக்கத்திலேயே பிறந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் ஐரோப்பாவுக்குப் போய், இங்கிலாந்தின் அண்டர்ரன், பிரான்சின் ஃபொன்ரினெற், பெல்ஜியத்தின் லா லூவியேர் என்ற மூன்று இடங்களிலும் இருந்த படகுத் தூக்கிகளைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, அவற்றைவிட உயரமான ஒன்றைத் தன் ஊரில் வரைந்தார்.

இனி மீண்டும் குசினிக்கு வருவோம். இரண்டு உரல்களையும் நிமிர்த்தி வைத்தாயிற்று. உள்ளே தண்ணீர். அடியில் இணைப்புக் குழாய். அதன் நடுவில் ஒரு சிறு திருகு. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் தண்ணீர் நிரம்பிய ஒரு தாச்சியை வையுங்கள். ஒரு கட்டை நன்றாக மேலே தூக்கி நிற்கட்டும், மற்றது அடிவரை இறங்கி நிற்கட்டும். திருகை மூடி வைத்திருக்கும்வரை எதுவும் அசையாது. தண்ணீரை நசுக்க முடியாதென்பதால், அடைபட்ட தண்ணீர் கல்லைப்போலத் தாச்சியைத் தாங்கி நிற்கும்.

இப்போது திருகைத் திறந்தால் என்ன ஆகும்? இரண்டு தாச்சியும் ஒரே பாரமாக இருந்தால் ஆட்டமே இராது என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் மேலே நிற்பது கொஞ்சம் இறங்கும், கீழே நிற்பது கொஞ்சம் ஏறும், இரண்டும் நடுவழியில் சம உயரத்தில் வந்து நின்றுவிடும். இணைந்த குழாய்களில் தண்ணீர் எப்போதும் சமமட்டம் தேடுமல்லவா? நமக்கு நடுவழி போதாது. மேலே இருப்பது அடிவரை வரவேண்டும், கீழே இருப்பது உச்சிவரை போகவேண்டும். அதற்கு மேல் தாச்சியில் ஒரு பேணி தண்ணீர் கூடுதலாக ஊற்றவேண்டும். ஊற்றிவிட்டுத் திருகைத் திறந்தால், பாரமானது ஒரே சீராக இறங்கும். அதன் உரலில் இருந்து தள்ளப்படும் தண்ணீர் குழாயால் மற்ற உரலுக்குள் புகுந்து அந்தக் கட்டையை உச்சிக்குத் தூக்கும். கீழே வந்த தாச்சியில் இருந்து அந்த ஒரு பேணியைக் கொட்டிவிடுங்கள். மேலே போனதில் ஒரு பேணியை ஊற்றுங்கள். திரும்பவும் ஓடும். நாள் முழுக்க ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பேணி தண்ணீர், அவ்வளவுதான் செலவு.

பீற்றர்பரோவில் அந்தத் தாச்சியின் நீளம் ஏறத்தாழ 43 மீற்றர், அகலம் 10 மீற்றர், உள்ளே 2 மீற்றருக்குச் சற்று மேல் ஆழத் தண்ணீர். நிரம்பிய தொட்டி ஒன்றின் எடை 1,500 தொன்னுக்கு மேல். அதைத் தாங்கும் உருக்குத் தண்டின் விட்டம் 2.3 மீற்றர், கைகளை முழுக்க விரித்து நின்றாலும் ஒரு ஆளால் எட்டாத தடிப்பு. தண்டு இறங்கும் குழல் நிலத்துக்குள் ஆழமாய்ப் பாறைவரை போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் குழலுக்குள் இருக்கும் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 37 கிலோ பாரத்தைச் சுமக்கிறது.

ஒரு பேணி என்றோமே, அது இங்கே ஒரு அடி உயரத் தண்ணீர். 43 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் உயரம்: பெருக்கினால் ஏறத்தாழ 130 கன மீற்றர், அதாவது 130 தொன். ஏன் இவ்வளவு? நான் மேலே சொன்ன சமமட்டம்தான் காரணம். இறங்கும் தொட்டி கடைசிக்கு வரும் நேரத்தில், எதிர்ப்பக்கம் 20 மீற்றர் உயர்ந்துவிட்ட நீர் ஏறத்தாழ 80 தொன் அளவுக்கு அதை எதிர்த்துத் தள்ளும். அதையும் மீறி, உராய்வையும் மீறி அடிவரை வருவதற்குத்தான் 130. ஒரு அடி என்பது ஒரு குத்துமதிப்பு இல்லை என்பது இந்தக் கணக்கைப் போடும்போதுதான் தெரிகிறது.

அந்த ஒரு அடித் தண்ணீரை யார் ஊற்றுகிறார்கள் என்பது இன்னும் அழகு. யாரும் ஊற்றுவதில்லை. மேலே போகும் தொட்டியை, கால்வாயின் மட்டத்தைவிட ஒரு அடி குறைவாகவே நிறுத்துகிறார்கள். கதவைத் திறந்ததும் கால்வாயே உள்ளே வந்து நிரப்பிவிடும். கீழே வந்த தொட்டியின் நீர்மட்டம் கீழ்க்கால்வாயைவிட ஒரு அடி கூடவாக நிற்கும். கதவு திறந்ததும் அந்த மேலதிகம் தானாக வழிந்து போய்விடும். தொட்டிக்கும் கால்வாய்க்கும் இடையில் இருக்கும் நீக்கலை அடைக்க ஒரு ரப்பர் குழாய். காற்றடித்தால் உப்பி இறுகும், காற்றை விட்டால் தளர்ந்து தொட்டியைப் போகவிடும். கதவுகள் பக்கவாட்டில் திறப்பதில்லை, அடியில் கீல் வைத்து முன்னுக்குச் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்துவிடும். படகு அதன் மேலால் போகும்.

பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஒரு தொட்டியில் பெரிய படகு நான்கும் மற்றதில் ஒரு சின்னப் படகும் வந்தால் சமநிலை குழம்பாதா? குழம்பாது. விளிம்புவரை நிரம்பிய தாச்சியில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் எடை எவ்வளவோ அதே எடையுள்ள தண்ணீர் வெளியே வழிந்துவிடும்; தாச்சியின் மொத்தப் பாரம் மாறாது. படகு தொட்டிக்குள் வரும்போது கதவு திறந்திருப்பதால், படகின் எடைக்குச் சமமான தண்ணீர் கால்வாய்க்குள் போய்விடுகிறது. வெறும் தொட்டியும் படகு நிறைந்த தொட்டியும் ஒரே எடைதான். ஆர்க்கிமிடீஸ் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, இங்கே நின்று பார்த்தால் அது கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

தூக்கும் நேரம் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம்தான். படகில் இருப்பவர்களுக்கு ஏறுகிறோம் என்பதே முதலில் தெரியாது. கரையில் நிற்கும் மரங்கள் இறங்குவதுபோல் இருக்கும்.

1896-இல் தொடங்கிய வேலை 1904 ஜூலை 9-ஆம் திகதி திறப்பு விழாவோடு முடிந்தது. வன்னியில் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம். லிஃப்ற் லொக்கின் உருக்கு வேலையை மொன்றியலின் டொமினியன் பிரிட்ஜ் கொம்பனி செய்தது. கோபுரங்களுக்குக் கல்லை விட்டுவிட்டுக் கொங்கிறீற்றைத் தெரிந்தெடுத்தது றோஜர்ஸின் துணிவு. உள்ளே கம்பி இல்லாமல், கொங்கிறீற்றின் சொந்தப் பலத்திலேயே நிற்கும் கட்டடம் அது. கட்டிய காலத்தில் அந்த வகையில் உலகிலேயே மிகப் பெரியது. அந்தத் துணிவுக்கு அவர் கொடுத்த விலை பெரியது. மேற்கே கேர்க்ஃபீல்டில் அவர் கட்டிய இரண்டாவது, சற்றுச் சிறிய லிஃப்ற் லொக்கின் வேலை சரியில்லை என்று 1906-இல் ஒரு விசாரணை அறிக்கை வந்தது. அவர் பதவி விலகினார். பிற்காலத்தில் நடந்த மறுபரிசீலனை அவர் பக்கம் நியாயம் என்றது. கேர்க்ஃபீல்ட் லொக்கும் 1907-இல் திறக்கப்பட்டு இன்றைக்கும் வேலை செய்கிறது. அறிக்கையை விட அது பலமான சாட்சி.

நீர்வழி முழுவதும் இணைந்து முதல் படகு இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் போனது 1920-இல்தான். அதற்குள் ரயிலும் பெரிய கப்பல்களும் வந்துவிட்டன. வியாபாரத்துக்காக வெட்டிய கால்வாய், வெட்டி முடிந்த நாளிலேயே வியாபாரத்துக்கு உதவாமல் போயிற்று. பாவம் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் அதனால்தான் அது தப்பியது. பயன் மிகுந்த கால்வாய்களை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், பழைய லொக்குகளை உடைத்துப் புதிது கட்டினார்கள். இதைப் பெருப்பிக்க யாருக்கும் தேவை வரவில்லை.

பாதுகாப்பு எப்படி இயங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் அதிலும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. ட்ரென்ற்-செவர்ன் நீர்வழி 1929-இல் கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லிஃப்ற் லொக்குக்குத் தனியாக 1979-இல் அதே தகுதி கிடைத்தது. 1987-இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கமும் அதை வரலாற்றுச் சின்னமாக ஏற்றது. ஆனால் தேசிய வரலாற்றுத் தலம் என்ற பட்டம், தனியே எடுத்தால், ஒரு கௌரவம். ஒரு பலகை வைப்பார்கள். உடைப்பதைத் தடுக்கும் சட்டபலம் அந்தப் பட்டத்துக்கு இல்லை. மாறாக, ஒன்ராறியோ மரபுச் சட்டத்தின் கீழ் ஒரு நகரசபை ஒரு பழைய வீட்டை மரபுச் சொத்தாகப் பிரகடனம் செய்தால், நகரசபையின் சம்மதம் இல்லாமல் அதன் உரிமையாளர் அதை இடிக்க முடியாது. உள்ளூர்ப் பிரகடனம் சட்டம். தேசியப் பட்டம் மரியாதை. மத்திய அரசின் மரபிடங்களுக்குச் சட்டபலம் கொடுக்க 2022-இல் ஒரு மசோதா வந்தது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிக்கப்பட்டபோது அது சட்டமாகாமலே போய்விட்டது.

அப்படியானால் லிஃப்ற் லொக்கை எது காக்கிறது? அதன் சொந்தக்காரர் மத்திய அரசு என்பதும், 1972 முதல் அதைப் பராமரிப்பது பார்க்ஸ் கனடா என்பதும். வரலாற்றுக் கால்வாய்களுக்கென்று தனி விதிகள் உண்டு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு நாடு முழுவதற்குமான வழிகாட்டு நெறிகள் உண்டு. ஒரு இடத்தின் பெறுமதி எந்தெந்த உறுப்பில் இருக்கிறது என்று முதலில் எழுதிவைக்கவேண்டும். பிறகு பழுது பார்க்கும்போது அந்த உறுப்புகளை இயன்றவரை மாற்றாமல் சீர்செய்யவேண்டும் என்பது அவற்றின் சாரம். நம் உரலை வைத்துச் சொன்னால், உடைந்த கைபிடியை மாற்றலாம், தேய்ந்த தட்டை மாற்றலாம். கட்டையை எடுத்துவிட்டு மோட்டார் பூட்டினால் அது பிழியும், ஆனால் உரல் போய்விடும். பீற்றர்பரோவில் இயக்கும் பொறிகளைக் காலத்துக்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். தூக்குகிற வேலையை இன்றும் தண்ணீரின் எடைதான் செய்கிறது.

என் எண்ணத்தில், இந்த லொக்கின் உண்மையான பாதுகாப்பு அது ஓடிக்கொண்டிருப்பதுதான். றோஜர்ஸ் போய்ப் பார்த்த தூக்கிகளையே எடுங்கள். ஃபொன்ரினெற் 1967-இல் நின்றது. இன்று அது பார்த்துவிட்டு வரும் ஒரு இரும்புக் கூடு. அண்டர்ரனை 1908-இல் மின்சாரத்துக்கு மாற்றினார்கள், 1983-இல் மூடினார்கள், ஆர்வலர்கள் விடாமல் முயன்று 2002-இல் பழையபடி திரவ அழுத்தத்திலேயே ஓட வைத்தார்கள். லா லூவியேர்ப் பக்கத்துத் தூக்கிகள் நான்கும் 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஓடுகிற யந்திரத்துக்குத்தான் எண்ணெய் விடுவார்கள், தெரிந்த ஆட்களை வைத்திருப்பார்கள், கசிவைக் கவனிப்பார்கள். நின்றுவிட்டால் துரு மட்டும்தான் வேலை செய்யும்.

சென்னையில் சில காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பக்கிங்காம் கால்வாயைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் பசித்த மக்களின் உழைப்பால் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் இருந்து மரக்காணம்வரை ஏறத்தாழ 420 கிலோமீற்றர் நீண்ட நீர்வழி. ஆறுகளை அது கடக்கும் இடங்களில் லொக்குகள் இருந்தன. உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்தன. 1960-களின் புயல்கள் ஒரு அடி, சாக்கடை இன்னொரு அடி, கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்கு உள்ளேயே இறங்கின. 2008-இல் அதைத் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவித்தார்கள். நகரத்துக்குள் அதில் படகு ஓடவில்லை. பஞ்சத்தில் மண் சுமந்தவர்களின் நினைவாகவாவது ஒரு லொக்கையேனும் ஓடும் நிலையில் காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ட்ரென்ற்-செவர்னுக்கும் ஒரு கசப்பான பக்கம் உண்டு. அதை விட்டுவிட்டு அதன் புகழைப் பாடுவது சரியில்லை. இந்த நீர்வழி மிச்சி சாகிக் பூர்வகுடிகளின் நிலத்தால் போகிறது. பீற்றர்பரோவுக்குத் தெற்கே ரைஸ் ஏரி என்ற பெயர் வந்ததே, அங்கே தானாக விளைந்த காட்டு நெல்லால்தான். மனோமின் என்று அவர்கள் அழைக்கும் அந்த நெல் ஆழம் குறைந்த தண்ணீரில்தான் வளரும். கால்வாய்க்காக அணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியபோது அந்த வயல்கள் மூழ்கின. ஒரு சமூகத்தின் சோறு போயிற்று. பிஜன் ஏரியில் அந்த நெல் மீண்டும் பரவத் தொடங்கியபோது, கரையோர வீட்டுக்காரர்களுக்கும் அறுவடை செய்யும் கேர்வ் லேக் மக்களுக்கும் இடையே தகராறு மூண்டது. 2015-இல் அது செய்தியாயிற்று. மரபு என்று எதைக் காக்கிறோம், யாருடையதைக் காக்கிறோம் என்ற கேள்வியை அந்த நெல் கேட்கிறது. வயலும் குளமும் இழந்து வந்தவர்கள் நாம். இந்தக் கேள்வியில் நாம் நெல்லின் பக்கமும் நிற்கவேண்டும்.

படகு ஓடும் காலம் மே மாதம் விக்ரோறியா நாள் வார இறுதி முதல் ஒக்ரோபர் நன்றி தெரிவிக்கும் நாள்வரை. அதற்குள் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே நின்று படம் எடுப்பதோடு திரும்பிவிடாமல், கீழ்ப்பக்கம் புல்வெளிக்குப் போய், தொட்டி மேலே எழும்போது அதன் அடியில் வெளியே வரும் தண்டைப் பாருங்கள். இந்த யந்திரத்தின் முழு ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. பணியாளர்களிடம் கேள்வி கேளுங்கள். கேட்பவர்களுக்குச் சொல்வதில் அவர்களுக்குச் சலிப்பில்லை.

இன்னொன்றும் செய்யலாம். தன் பொறுப்பில் உள்ள வரலாற்றுத் தலங்களின் முகாமைத் திட்டத்தைப் பார்க்ஸ் கனடா பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி ஆராயவேண்டும் என்பது சட்டம்; அப்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழமை. லொக்கைத் தண்ணீரின் எடையிலேயே தொடர்ந்து ஓட்டுங்கள், காட்டு நெல்லுக்கும் இடம் விடுங்கள் என்று அடுத்த முறை ஸ்காபரோவில் இருந்தும் கடிதங்கள் போகட்டும். வரி கட்டுகிற எவரும் அப்படி எழுதலாம்.